அந்த லயத்துக்கு நான் போயிருக்கக் கூடாது

2008ஆம் ஆண்டு, வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. ஹட்டனில் ஆசிரியையாக இருந்த நான், விடுமுறை நாள்களில் ஒரு பெண்கள் அமைப்பின் ஆய்வு வேலையும் பார்த்துவந்தேன். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் ஐம்பதைத் தாண்டும்போது எப்படி இருக்கிறார்கள், நல்லபடியாக முதுமையடைய என்ன வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரி, படிவம் நிரப்புவதில் புலி என்று எனக்குள் ஒரு நினைப்பு.

கண்டி கிளினிக்கில் அறிமுகமான ஓர் அம்மா பேசச் சம்மதித்திருந்தார். கொழுந்து பறிப்பவர். கொழும்பில் வேலை செய்த கணவர் இறந்த பிறகுதான் தனக்கும் நோய் இருப்பது தெரியவந்ததாம். அவர் இருந்த லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பொதுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கக்கூட விடமாட்டார்கள் என்றார். தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மாதா மாதம் மருந்துக்கு வருவார். அடுத்த முறை கண்டியில் பேசலாம் என்று சொல்லியிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் படிவங்களைக் கொடுக்க வேண்டும். பாவம், அவரை ஏன் காக்க வைப்பது, நாமே போய்விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திரீவீலரில் கிளம்பிவிட்டேன். நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு.

ஞாயிறு என்றால் லயத்தில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. வண்டி நிற்பதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனார். பக்கத்து வீட்டுப் பெண் என் ஃபைலையே பார்த்தபடி, யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டார். நான் முட்டாள்தனமாக அந்த அம்மாவைக் கைகாட்டினேன். அவரை மட்டும் எதற்கு என்றார் அடுத்து. நான் ஃபைலைத் திருப்பி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அந்த அம்மாதான் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர் வயசானவங்களப் பத்தி எழுத வந்திருக்காங்க. டவுன்ல பாத்தப்ப நான்தான் வரச் சொன்னேன். என்னைய மட்டுமில்ல, அம்பது தாண்டுன எல்லாரையும் கேப்பாங்க. போய்க் கூட்டிக்கிட்டு வாங்க."

நோயின் பெயர் அச்சடித்த படிவங்களைக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொரு பெண்கள் வந்தார்கள். முழங்கால் வலி, மலை ஏறும்போது மூச்சு வாங்குவது, கூடைக் கயிறு இழுத்து இழுத்துக் கழுத்து நோவு. கண் மங்கிப்போய், கொழுந்தோடு முற்றலையும் பறித்துவிட்டுக் கங்காணியிடம் ஏச்சு வாங்குவதை ஒருவர் நடித்தே காட்டினார்.

அந்த அம்மா முதலில் வரவில்லை. ஏழாவதாக வந்து உட்கார்ந்தார். எல்லாரிடமும் கேட்டதையே அவரிடமும் கேட்டேன். வயசான காலத்துக்கு என்ன வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. மற்றவர்கள் கண்ணாடி, வீட்டோடு கக்கூஸ், பிள்ளைகளுக்குப் பாரமில்லாத சாவு என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"இவங்களோட இந்த லயத்திலயே இருந்து கெழவியாகணும் டீச்சர். அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கி எழுத்து தெரியவில்லை.

வண்டிவரை கூட வந்தார். மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "நல்லதுக்குத்தான் வந்தீங்க. இனிமே வந்தா எல்லாரையும் கேளுங்க" என்று மட்டும் சொன்னார்.

அதை அப்படியே அமைப்பில் சொன்னேன். பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஐம்பது தாண்டிய எல்லாப் பெண்களிடமும் பேசினோம். மருந்து பற்றிய கேள்விகளைக் கிளினிக்கோடு நிறுத்திக்கொண்டோம். அந்த லயத்துக்காரர்களுக்கு ஒரு கண் பரிசோதனையும் நடந்தது.

இப்போது எனக்கும் முழங்கால் பிடிக்கிறது. போன தைப்பொங்கலுக்கு அந்த அம்மா ஃபோனில் கோல் எடுத்தார். பல் விழுந்துவிட்டதாம். பீலியில் தண்ணீர் பிடித்தால், அன்று என்னைக் கேள்வி கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து தருகிறாராம். என் அவசரத்தால் அன்று உண்மை தெரிந்துபோயிருந்தால், அந்தக் குடத்தை யாருமே தொட்டிருக்க மாட்டார்கள்.