ஐந்தாம் பாகத்தில் முகூர்த்தம்

டயாலிசிஸ் ஆரம்பித்த மூன்றாவது வாரமே என் மனைவி சொல்லிவிட்டாள், இனி வரமாட்டேன் என்று. ஊசிக்கு அவள் பயப்படுகிறவள் அல்ல. "நாலு மணி நேரம் அந்தக் கூரையையே பாத்துக்கினு படுத்துக் கெடக்கணும். நீங்க ஒரு நாளு படுத்துப் பாருங்க, தெரியும்" என்றாள். சொன்னபடி ஒரு புதன்கிழமை வரவும் இல்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு முகம் வீங்கி மூச்சு வாங்கவே, அவளை ஆட்டோவில் தண்டலம் பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. டாக்டர் அவளைத் திட்டவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க ஒரு நாள்கூட விடாம வரணும். எப்படி வர வெக்கிறீங்களோ, அது உங்க வேலை" என்றார்.

வேலை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஓய்வு பெறும் வரை நான் ஓரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆவணங்களுக்குப் பொறுப்பாளன். எந்த வேலைக்கும் செய்முறை எழுதி, எண் கொடுத்து, மூன்று கையெழுத்து வாங்கி அலமாரியில் வைப்பது என் தொழில். அதைப் படிப்பது மற்றவர்களின் தொழில். அவர்கள் அதைச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு அங்கே ஒரே ஓர் எதிரி உண்டு: நகல். ஒரு வரைபடத்துக்கு ஒரு மூலம்தான் இருக்க வேண்டும். உற்பத்தி லைனில் யாராவது பழைய வரைபடத்தின் ஜெராக்ஸை மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தால், அங்கேயே பிய்த்து, அங்கேயே நாலாகக் கிழிப்பேன். கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டால் போதாது. குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து நீவி ஒட்டுகிறவர்களை எனக்குத் தெரியும்.

கூரைக்குப் பதிலாக அவள் பார்க்க என்ன கொடுக்கலாம் என்று யோசித்தேன். செல்போன் சரிப்படாது. அது அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் யாராவது ஒருவர், "இப்ப எப்படிக் கீது உடம்பு?" என்பார். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் தீர்ந்து வெகுநாளாகிறது. அப்போதுதான் மகளின் பழைய வீடியோ பிளேயர் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் வேலை பார்த்த கம்பெனியில் கேமரா போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஷிப்ட் பஸ்ஸில் பார்க்க, கேமரா இல்லாத இந்தக் கையடக்கப் பெட்டியை வைத்திருந்தாள். செக்யூரிட்டி அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து உள்ளே விடுவாராம். இப்போது அவள் புனேயில் இருக்கிறாள். பெட்டி பீரோவில் இருந்தது.

எதை ஏற்றுவது என்பதில் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. மகளின் கல்யாண வீடியோ. எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வீடியோக்காரர் எதையும் வெட்ட மனமில்லாதவர். அவர் ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்ததை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, டிஸ்க்கை அழித்து மகளிடம் கொடுத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பிரதி எதற்கு?

பிளேயருக்கு வீடியோவை மாற்ற ஒரு மென்பொருள் வேண்டும். முதல் இரண்டு பாகங்களை ஏற்றி முடித்தபோது லேப்டாப்பில் இடமில்லை என்று சிவப்புக் கோடு வந்தது. துருவிப் பார்த்தேன். அந்த மென்பொருள், நாம் கொடுக்கும் வீடியோவை முதலில் தன் சொந்தக் கிடங்கில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகுதான் பிளேயருக்கு அனுப்புகிறது. கேட்காமல், சொல்லாமல், கையெழுத்து வாங்காமல். அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கினால் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். அதன் பிறகு நகல் எடுக்காது. வீடியோ எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். திரையில் படமும் தலைப்பும் அப்படியேதான் தெரியும். மீதி ஆறு பாகங்களையும் அந்த முறையில் சேர்த்தேன். அன்று எனக்கு என்மேல் இருந்த மரியாதையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

பிளேயரில் இரண்டு பாகங்களுக்கு மேல் பிடிக்காது. இரண்டு பாகம் என்றால் நாலு மணி நேரம். திங்கள் ஒன்றும் இரண்டும், புதன் மூன்றும் நாலும். அந்தத் திங்கட்கிழமை அவள் எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஊசி குத்திய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பார்த்ததோடு நிற்கவில்லை, வர்ணனையும் சொன்னாள். பக்கத்துப் படுக்கையில் வாலாஜாபாத்தில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒரு அம்மா. புதன்கிழமை முடிவதற்குள் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்த அம்மாவுக்கு அத்துப்படி.

"பச்சைப் புடவை யாரு? மூணு தபா சாப்புட்டுட்டு வருது?"

"எங்க சின்ன மாமியாரு, அக்கா. நாலு. ஒண்ணு கேமரால வுழல."

"மாப்ள இன்னா, போலீஸ் புடிச்சாந்த மாரி நிக்கிறாரு?"

"இது மொத நாளு ரிசப்ஷன். அதான் மறுநா காலைல கட்டப் போறாரே. வெள்ளிக்கிழம வாங்க, தாலி கட்றதப் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை வாங்க என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் ஓரத்து நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

வியாழன் காலை லேப்டாப்பில் மறுபடி சிவப்புக் கோடு. கிடங்கைத் திறந்து பார்த்தேன். பாகம் ஒன்று இருந்தது. பாகம் இரண்டு இருந்தது. ஆக மூலங்கள் கிடங்கில் பத்திரம், என் பழைய கோப்புறையில் கிடப்பவை நகல்கள் என்று தீர்மானித்தேன். எட்டில் இரண்டைச் சோதித்து எட்டையும் பாஸ் செய்தேன். இருபத்தெட்டு வருடம் தொழிற்சாலையிலிருந்து இதே முறையில் லாரி லாரியாக உதிரிபாகப் பெட்டிகளை அனுப்பியிருக்கிறோம். கோப்புறையிலிருந்த எட்டையும் தேர்ந்தெடுத்து, குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேரடியாக அழியும்படி அழித்தேன். காரணத்தை முன்பே சொல்லிவிட்டேன்.

மதியம் பிளேயரை இணைத்தேன். மூன்றையும் நாலையும் நீக்கிவிட்டு ஐந்தை ஏற்றப் போனால், அதன் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. ஆறிலும் ஏழிலும் எட்டிலும், இப்போது நீக்கிய மூன்றிலும் நாலிலும்கூட அதே குறி. டிக் எடுத்த பிறகு சேர்த்த எதிலும் முகவரி மட்டும்தான் இருந்தது. அந்த முகவரியில் இருந்த வீட்டை நானே இடித்திருந்தேன். டிக்கை எடுத்தவனும் நானே. அழிந்ததை மீட்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட சில கோப்புகளைக் கொடுத்தது. ஒன்றும் திறக்கவில்லை.

அடுக்களையில் அவள் பீன்ஸை இரண்டாம் முறை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகத்துக்கு ஆகாத பொட்டாசியம் போக, அவளுடைய சாப்பாட்டுக்கு எல்லாக் காயையும் அப்படித்தான் வடிக்க வேண்டும்.

"இன்னாங்க, மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"அஞ்சாம் பாகத்தை அழிச்சிட்டேன். ஆறு, ஏழு, எட்டையும். மூணும் நாலும்கூடப் போச்சு."

"நம்ப பொண்ணு கல்யாணத்தையா?"

"நகல்னு நெனச்சேன்."

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வாலாஜாபாத் அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

என்னிடம் இருந்தது ஒரே கேள்வி. "நாளைக்கு வருவே இல்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்க்கிற பார்வை. பிறகு, "உங்க தங்கச்சி வூட்ல ஒண்ணு கீது. போய் வாங்கினு வாங்க" என்றாள்.

"எது?"

"கல்யாணந்தான். முழுசா. பொங்கலுக்கு வந்தப்ப நம்ப பாப்பாதான் உங்க லேப்டாப்புலேர்ந்து எடுத்து பென் டிரைவ்ல போட்டு அவங்களுக்குக் குடுத்துச்சி. உங்ககிட்ட சொன்னா ஃபாரம் நீட்டுவீங்க. அதான் சொல்லல."

தங்கை வல்லம் வடகாலில் இருக்கிறாள். தொழிற்பேட்டை வந்த பிறகு அவள் வீட்டின் முன்கூடத்தில் மெஸ் நடத்துகிறாள். கம்பெனிகளில் வேலை செய்யும் தெற்கத்தி இளைஞர்கள்தான் அவளுடைய வாடிக்கை. நான் போனபோது பத்துப் பதினைந்து பேர் சீருடையோடு சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கண்ணும் டிவியில் இருந்தது. டிவியில் என் மகள் மணவறையில் உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, கையில லிஸ்ட்ட வச்சிக்கிட்டு வாழை இலைய எண்ணிக்கிட்டு நிக்காரே, அவரு மண்டப மேனேஜரா?" என்றான் ஒருவன்.

"மேனேஜரா? எங்க அண்ணன்டா. பொண்ணுக்கு அப்பா. உன் பின்னாலயே நிக்கிறாரு பாரு."

அவன் திரும்பி, சாதத்தோடு எழுந்துவிட்டான். "தப்பா நெனைக்காதீய சார். மொகூர்த்த நேரத்துல லிஸ்ட்டோட நின்னீயல்லா, அதான்."

விஷயத்தைச் சொன்னேன். தங்கை சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து சமையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க வூட்டுப் பத்திரத்துக்கே ஜெராக்ஸ் எடுக்க வுடாத ஆளு நீ! எடுத்துக்கினு போண்ணா. ஆனா நாளைக்கு சாயங்காலம் வந்துடணும். இவங்க தெனம் சாப்புட வரப்ப கொஞ்சம் கொஞ்சமா பாக்கறாங்க, இன்னும் கல்யாணப் பந்தி பாக்கல."

தாலி கட்டி முடியும் வரை டிவியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்க யாரும் விடவில்லை. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த லிஸ்ட்டோடு நின்றிருந்தவன் தாலி கட்டும்போதுகூட நிமிரவில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து எட்டுப் பாகங்களையும் லேப்டாப்பில் போட்டேன். ஒவ்வொன்றையும் திறந்து, நடுவிலும் கடைசி நிமிடத்திலும் ஓடுகிறதா என்று பார்த்தேன். இந்த முறை எட்டில் எட்டு. ஐந்தும் ஆறும் பிளேயரில் ஏறின.

வெள்ளிக்கிழமை மிஷின் ஓட ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. அந்தச் சின்னப் பெட்டியின் சத்தம் அந்த அறைக்குப் போதுமானதாக இருந்தது. எதிர்ப் படுக்கைக்காரர் கண் திறந்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். வாலாஜாபாத் அம்மா ஊசி இல்லாத கையைத் தூக்கி அட்சதை போடுவதுபோல் விரலை உதறினார்.

"எங்க பெரிய பையனுக்கு தை மாசம் கல்யாணம். அதையும் இந்தப் பொட்டில ஏத்தலாமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஏத்துவாரு" என்றாள் என் மனைவி. "எடம் இல்லன்னா எங்க வூட்டுத அழிச்சிட்டு ஏத்துவாரு. அதெல்லாம் நல்லாப் பண்ணுவாரு. நீங்க கொண்டாங்கக்கா, தை முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் இங்கியே படுத்துக்கினு பாக்கலாம்."

தைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதுவரை அவள் வரப்போகும் நாட்களை வாரம் மூன்று தடவை என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, ஐம்பதைத் தாண்டியதும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அன்று மாலை பென் டிரைவைத் திருப்பிக் கொடுக்கும் முன் லேப்டாப்பில் ஒரு புதிய கோப்புறை உருவாக்கி, 'தை' என்று பெயர் வைத்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. காலிக் கோப்புறைக்கு நகல் தேவையில்லை என்று செய்முறை எழுதியவன் நான்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, தங்கையின் பென் டிரைவிலும் அதே பெயரில் ஒன்று உருவாக்கினேன்.