ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட சட்டம்

பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யூத மாணவர்களை இழிவுபடுத்துவதைத் தடுக்க வெளிநாடு ஒன்றில் சட்டம் கொண்டுவருகிறார்கள் என்று செய்தித்தாளில் படித்தேன். உடனே எனக்குள் ஒரு பெருமை. அதுபோல ஒரு சட்டத்தை நான் 1991-லேயே போட்டிருக்கிறேன், சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில், ஐந்தாம் வகுப்பில். மகளிடம் சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். தயக்கம் அதில்தான்.

எங்களுடையது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவோம். மாதா வேடத்துக்கு அடிதடி நடக்கும். "சிலுவையில் அறையும்" என்று கத்தும் யூதர் கூட்டத்துக்கு மட்டும் ஆள் கிடைக்காது. ஒத்திகைக்கு யார் தாமதமாக வருகிறார்களோ அவர்களுக்குச் சணல் தாடி. நாடகம் முடிந்ததும் மற்ற பிள்ளைகள் யூதர்கள் மேல் புளியங்கொட்டை எறிவது பள்ளி வழக்கம். டீச்சர்களும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள்.

அந்த வருடம் தாடி என் தம்பிக்கு. இரண்டாம் வகுப்பு. எல்லாரையும்விட உரக்கக் கத்தினான். அதனாலேயே அவன் மேல் அதிகமாக விழுந்தது. ஒரு கொட்டை கண்ணுக்குக் கீழே பட்டு வீங்கிவிட்டது. அதோடும் விடவில்லை. குழாயடியில், சாப்பாட்டு வரிசையில், எங்கே போனாலும் "டேய் யூதா, தள்ளி நில்லுடா" என்றார்கள். மூன்றாம் நாள் பையைத் தூக்காமல் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாடா, ஸ்கூலுக்கு டைமாவுல?" என்றாள் அம்மா.

"நான் யூதன். இனிமே போவ மாட்டேன்."

அம்மா கெஞ்சினாள், அடித்தும் பார்த்தாள். அவன் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எங்கள் வகுப்புக்கு மாணவர் சட்டமன்றம் உண்டு. நான்தான் முதலமைச்சர். சட்டம் எப்படி எழுதுவது என்று தெரியாது. அப்பாவின் ஃபேக்டரி சங்கம் அடித்த நோட்டீஸ் ஒன்று வீட்டில் கிடந்தது. அதைப் பார்த்தே எழுதினேன். 'மாணவர்களை யூதர் என்று அழைப்பதையும், அவர்கள் மேல் கொட்டை எறிவதையும் நிர்வாகம் உடனே தடை செய்ய வேண்டும். தவறினால் வாயிற்கூட்டம், உண்ணாவிரதம்.'

"டி.சி. குடுத்து அனுப்பிடுவாங்கடி" என்று அம்மா பயந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா நின்றபடியே படித்துவிட்டு, "கீழ கையெழுத்து எங்க?" என்று மட்டும் கேட்டார்.

சட்டமன்றத்துக்குத் தலைமை ஆசிரியை சிஸ்டரே வந்துவிட்டார். தாளை வாங்கிப் படித்தார். "உண்ணாவிரதம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனாலும் தம்பியின் கண் எப்படி வீங்கியிருக்கிறது என்று சொன்னேன், அவன் பையைத் தொடாததையும் சொன்னேன். சிஸ்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "சரி, ஓட்டுக்கு விடு" என்றார்.

அப்போது போர்டு எழுதும் பெயிண்டர் மகள் எழுந்தாள். அவளும் அந்த வருடம் தாடி கட்டியவள். சர்ச்சுக்கு இல்லை, கோவிலுக்குப் போகும் வீட்டுப் பெண்.

"யூதரையும் திட்டக்கூடாது, எறியக்கூடாதுன்னு சேர்த்துக்க."

"அதான எழுதிக்கீறேன்?"

"நீ நம்மளப் பத்தி எழுதிக்கீற. நான் நெஜமான யூதரைச் சொல்றேன். சாமியே யூதருதானே? சிலுவைக்கு மேல மாட்டின பலகைய எங்கப்பாதான் எழுதிக் குடுத்தாரு. யூதரின் அரசன்னு போட்டுக்கீது."

எல்லாரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முதலமைச்சர் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?

"நம்ம ஊர்ல யூதர் யாராச்சும் கீறாங்களா? இல்லாதவங்களுக்கு இன்னாத்துக்குச் சட்டம்?"

பெஞ்சைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவள் திருத்தத்துக்கு அவள் கை ஒன்றுதான் உயர்ந்தது. பிறகு என் சட்டத்துக்கும் கை தூக்கினாள். ஏகமனதாக நிறைவேறியது.

திங்கட்கிழமை பிரேயரில் சிஸ்டர் அதை வாசித்தார். தம்பி வரிசையின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவனை அதற்குப் பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. கம்பெனி பஸ் முழுக்க அப்பா சொல்லிக்கொண்டு போனாராம், "எம்பொண்ணு நிர்வாகத்தைப் பணிய வெச்சிட்டா" என்று. பத்து வயதில் ஒரு குழந்தையைப் பள்ளிக்குத் திரும்ப வரவைத்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை. குறைய வேண்டுமோ என்று மட்டும் சில சமயம் தோன்றுகிறது.

அடுத்த தவக்காலத்தில் எந்தப் பிள்ளை மேலும் ஒரு கொட்டைகூட விழவில்லை. அதற்குப் பதிலாக, நாடகம் முடிந்ததும் மைதானத்தில் ஒரு வைக்கோல் பொம்மையை நிறுத்தினார்கள். முகத்தில் சணல் தாடி, கழுத்தில் 'யூதன்' என்று ஒரு அட்டை. சட்டம் போட்டவள் என்பதால் முதல் கொட்டையை எறியும் மரியாதை எனக்குக் கிடைத்தது. தம்பி குறி பார்த்து மூக்கிலேயே அடித்தான். பெயிண்டர் மகள் மட்டும் கை நிறையக் கொட்டையோடு சும்மா நின்றாள். பாவம், இவளுக்கு எறியத் தெரியவில்லை என்று நினைத்து, பக்கத்தில் போய், கையை எப்படி ஓங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.