நாகேஸ்வரிக்கு வந்த டெலவெயர் பேப்பர்

நாகேஸ்வரி தன் புருஷனின் பெயரைச் சொல்லமாட்டாள். அகதி அட்டை புதுப்பிக்க பிரிபெக்தூர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் கணவர் பெயரைக் கேட்பாள். இவள் என் முழங்கையைக் கிள்ளுவாள். நான்தான் குனிந்து "பொன்னம்பலம்" என்று சொல்லவேண்டும். வெளியே வந்ததும் ஏசுவேன்.

"உனக்கென்ன, வாயில்லையோ?"

"இவரின்ரை பேரை நான் எப்பிடிச் சொல்லுறது, கோசலையக்கா?" என்று வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவளும் புருஷனும் ஒன்றாகத்தான் பாரிசுக்கு வந்தார்கள். பொன்னம்பலம் படித்தவன். ஒரு ரெஸ்ரோரன்டில் கொஞ்ச நாள் கோப்பை கழுவினான். அது தன் தகுதிக்குச் சரிவராது என்று கண்டுபிடித்து, பல்கலைக்கழகச் சிநேகிதன் ஒருவனின் அழைப்பில் அமெரிக்காவுக்குப் போய்விட்டான். "தமிழ்ச் சனத்துக்காக அங்கை பேசவேணும்" என்றான். அவனுடைய விமானச் சீட்டுக்கும் சேர்த்துக் கோப்பை கழுவியவள் நாகேஸ்வரி. பிறகு அவள் என் அறைக்கு வந்து சேர்ந்தாள். லா சப்பலில் மேம்பாலத்து மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சன்னல் அதிருகிற அறை அது. பகலில் இரத்தினம் அண்ணையின் பலசரக்குக் கடைக்குப் பின்னால் வடையும் ரோல்ஸும் சுடுவாள்.

பொன்னம்பலம் போன இடம் டெலவெயர். அமெரிக்க வரைபடத்தில் அதைச் சுண்டுவிரலால் மறைத்துவிடலாம். அந்தச் சின்ன மாநிலத்துச் சட்டசபையில் ஒரு உறுப்பினர் இலங்கைத் தமிழருக்காகத் தீர்மானம் கொண்டுவரப் போகிறார் என்றும், அதற்குப் பின்னால் நிற்பது பொன்னம்பலம் என்றும் அந்த ஊர்ப் பேப்பரில் செய்தி வந்தது. உறுப்பினரின் கையைப் பிடித்தபடி அவன் நிற்கிற படமும் வந்தது. செய்தி வரும் போதெல்லாம் பேப்பரை அப்படியே சுற்றி, நாகேஸ்வரியின் விலாசத்தைத் தன் கையால் எழுதி அனுப்புவான். கடிதம் ஒன்றும் உள்ளே இருக்காது. "அவருக்கு எங்கை நேரம்?" என்பாள்.

ஞாயிறு பின்னேரங்களில் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, இரத்தினம் அண்ணை அந்தப் பேப்பரைத் தமிழில் வாசிப்பார். எங்கள் ஆட்களைச் சொல்லவேண்டும். பக்கத்து ஸ்டாலின்கிராட் வட்டாரத்தில் யார் கவுன்சிலர் என்று ஒருவனுக்கும் தெரியாது. டெலவெயரில் எந்தக் குழு எப்போது கூடுகிறது, யார் எந்தப் பக்கம் சாய்வார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். நாகேஸ்வரி சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்று கேட்பாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பெருமை தெரியும். அதைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவளை அல்ல, அவனை.

வாசித்து முடிந்ததும் அவள் படத்தை மட்டும் வெட்டி எடுப்பாள். மிச்சப் பக்கங்கள் வடைத் தட்டுக்குப் போகும், எண்ணெய் உறிஞ்ச. எங்களுக்கு வேண்டிய செய்தி முன்பக்கத்தில் முடிந்துவிடும். பின்பக்கத்தில் டெலவெயர்க்காரனுடைய வீடும் வாசலும்தானே இருக்கும் என்று இருந்துவிட்டோம்.

கடைக்கு வடை தின்ன வருகிற இஞ்ஞாசி பாண்டிச்சேரிக்காரர். அங்கே கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து, பிறகு பிரான்சுக்கு வந்தவர். எந்தப் பேப்பர் கையில் அகப்பட்டாலும் நீதிமன்ற அறிவித்தல்களைத்தான் முதலில் பார்ப்பார், பழக்கதோஷம். எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் ஒரு நாள், வடையைக் கடித்துக்கொண்டே தட்டில் கிடந்த பக்கத்தைத் திருப்பினார்.

"மதாம் நாகேஸ்வரி, இத கொஞ்சம் வந்து பாருங்க. உங்க பேரு போட்டிருக்கு."

பொன்னம்பலம் விவாகரத்துக் கேட்டிருக்கிறான். கல்யாணம் நடந்த இடம் சாவகச்சேரி. மனைவி நாகேஸ்வரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாதாம், தேடியும் கிடைக்கவில்லையாம். குறித்த தேதிக்குள் அவளிடமிருந்து பதில் வராவிட்டால் அவள் இல்லாமலே தீர்ப்பு.

"அத்ரெஸ் தெரியலன்னு திரிபுனால்ல, கோர்ட்ல, சத்தியம் பண்ணியிருக்காரு," என்றார் இஞ்ஞாசி மெதுவாக. "நீங்க கவலப்படாதீங்க. இங்கதான் இருக்கேன்னு நான் இங்கிலீஷ்ல எழுதித் தரேன். கையெழுத்து மட்டும் போடுங்க, கேஸ் நின்னுடும்."

அவள் எண்ணெய் ஊறின அந்தப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரத்தினம் அண்ணைதான் அவளை உள்ளே கூட்டிப் போனார். நானும் விடாமல் பின்னால் போனேன்.

"தங்கச்சி, இது விசா அலுவல்," என்றார். "அங்கை நிண்டுபிடிக்க ஒரு சிற்றிசன் பொம்பிளையைப் பதிவுக்கு மட்டும் எழுதுறான். கிறீன் காட் கையிலை கிடைச்ச உடனை அவளை விட்டிட்டு உன்னைக் கூப்பிடுவான்."

"அப்ப உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"போனிலை சொன்னவன். நீ இப்ப கோட்டுக்கு எழுதினால் அவன் பொய்யனாப் போவான். தீர்மானமும் போச்சு. எங்கடை சனத்தைக் கொஞ்சம் யோசி. நான் பொறுப்பு."

"என்னட்டைக் கேட்டிருந்தால் நானே கையெழுத்து வைச்சிருப்பன், அண்ணை," என்றாள். "ஏன் என்னைக் காணேல்லை எண்டு சொன்னவர்?"

"கொஞ்சம் பொறு தங்கச்சி, வாக்கெடுப்பு முடியட்டும்" என்று வாசலில் கூடியிருந்த ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே குரலில் புத்தி சொன்னார்கள். ஒரு பெண் வாயை மூடினால்தான் நிறைவேறும் என்றால் அது என்ன தீர்மானம் என்று நான் கத்தினேன். நான் கத்தினால் யார் கேட்கிறார்கள்?

இஞ்ஞாசி எழுதிக் கொடுத்த தாளில் அவள் கையெழுத்து வைக்கவில்லை. "இரத்தினம் அண்ணை பொறுப்பெண்டவர் அக்கா," என்றாள். தேதி கடந்து போயிற்று.

குளிர் தொடங்கியபின் மறுபடி ஒரு பேப்பர் வந்தது. அதே கையெழுத்து, அதே விலாசம். இந்த முறை அவள் அதைக் கடைக்குக் கொண்டுபோகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். தெரிந்த அளவு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வெகுநேரம் கழித்து ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த ஊரில் பிறந்த குழந்தைகளின் பெயர் போடுகிற பகுதி அது. பொன்னம்பலத்துக்கும் அவன் மனைவிக்கும் பெண் குழந்தை. மனைவியின் பெயர் ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயர்.

பதிவுக்கு மட்டும் எழுதினவனுக்குக் குழந்தை. தன் படம் முன்பக்கத்தில் வந்தால் போதும், பின்பக்கத்தை இவள் எங்கே பார்க்கப் போகிறாள் என்று அவனுக்கு நினைப்பு.

ஞாயிறன்று அவளே பேப்பரோடு போனாள். இரத்தினம் அண்ணை கையை நீட்டினார். கொடுக்காமல் தானே வாசித்தாள். முன்பக்கச் செய்தி நாலே வரி: தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது, வாக்கெடுப்பு இல்லை. ஆம்பிளைகள் உச்சுக்கொட்டினார்கள். பிறகு அவள் பின்பக்கத்தை மடித்து அண்ணையின் முன்னால் வைத்து, விரலால் காட்டினாள்.

அவர் முகம் கறுத்தது. "குழந்தை விசயம் போன மாதம்தான் சொன்னவன், தங்கச்சி. தீர்மானம் முடிஞ்ச பிறகு உன்னட்டைச் சொல்லுவமெண்டு..."

கடையில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்போதுதான் புரிந்தது, இவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் சுட்ட வடையைத் தின்றுகொண்டே தெரிந்திருக்கிறார்கள்.

நாகேஸ்வரி அழுவாள் என்று நினைத்தேன். பேப்பர் சுற்றிவந்த உறையை எடுத்து மேசையில் விரித்து, கசங்கல் போகத் தடவிவிட்டாள். கட்டட எண், மாடி, கதவு எல்லாம் அவன் கையெழுத்தில் ஒரு பிழையில்லாமல் எழுதியிருந்தது.

"பொன்னம்பலத்துக்கு என்ரை விலாசம் தெரியாதாம்," என்றாள். "உங்களுக்குத் தெரியும்தானே, இரத்தினம் அண்ணை?"

புருஷனின் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.