ஜீவராணி வீட்டுப் பத்தொன்பது ஓட்டைகள்

நவீன சிற்பக் கலைக்கு மனதார நன்றி சொல்லும் குடும்பங்கள் இந்த நாட்டில் எத்தனை என்று யாரும் இதுவரை கணக்கெடுக்கவில்லை. எடுத்தால், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேற்பிரிவின் ஆறாம் லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கும் ஜீவராணியின் குடும்பம் முதலிடத்தில் நிற்கும். இரண்டாமிடத்துக்கு ஆள் கிடைப்பது சிரமம்.

ஜீவராணிக்கு நாற்பத்தாறு வயது. கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரிதான். ஆனால் அவளுடைய மெய்யான தேர்ச்சி வேறு. மேகம் கறுத்தால் மலையில் நின்றபடியே, வீட்டில் எந்த ஓட்டைக்கு நேரே எந்தப் பாத்திரம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சொல்வதோடு நிற்காமல் கூடையை இறக்கிவிட்டு ஓடவும் வேண்டும். கூரைத் தகரத்தில் ஓட்டைகள் பத்தொன்பது. பத்தொன்பதுக்கும் பெயர் உண்டு. அடுப்போட்டை, தலகாணி ஓட்டை, சாமிப்பட ஓட்டை. எந்த மழைக்கு ஒழுகும், எந்த மழைக்கு ஒழுகாது என்று யாருக்கும் பிடிபடாத ஒன்றுக்குக் குடிகார ஓட்டை என்று பெயர். தேர்தலுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர்கள் ஆணி அடித்துவிட்டுப் போனது மைக் ஓட்டை. எல்லோருக்கும் புதுக்கூரை என்று அந்த ஒலிபெருக்கியில்தான் சொன்னார்கள்.

மேலே ஏறி அடைக்க வழியில்லை. ஏறினால் தகரம் ஆளோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும். கீழே நின்று தார் பூசினால் பத்து மழை தாங்கும். தோட்ட ஆபீசுக்கு எழுதிய மனுக்கள் மட்டும் நனையாமல் பத்திரமாக இருந்தன. ஆபீஸ் கூரை ஒழுகுவதில்லை.

இப்படியிருக்கையில் சித்திரை முடியும் நேரத்தில் கொழும்பிலிருந்து கிருஷாந்தி என்றொரு சிற்பி வந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் மலையைப் படம் பிடிப்பார்கள். இவள் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜீவராணியின் கூரையைப் பார்த்தாள். உள்ளே வந்து, அண்ணாந்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, இந்தத் தகரத்த எனக்குத் தருவீங்களா? பதிலுக்குப் புதுத் தகரம் போட்டுத் தாறேன்."

"எலெக்சன் ஏதும் வருதுங்களா மிஸ்?"

தேர்தல் இல்லை, கண்காட்சி. இயற்கையும் நகர வாழ்வும் என்ற பொருளில் நுவரெலியாவில் வைக்கப் போகிறார்கள். அதற்குத்தான் இந்தத் தகரம் என்றாள் கிருஷாந்தி. ஏழு மனுவுக்கு அசையாத ஆபீஸ், கலை என்றதும் இரண்டே நாளில் அனுமதி கொடுத்தது. ஆட்கள் நனைவது பழைய விஷயம், கலை புதிது. சனிக்கிழமை லொறி வரும் என்று முடிவாயிற்று.

வினை அதன்பிறகுதான் வந்தது. நன்றியுணர்ச்சி என்பதை அளவோடு வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி ஜீவராணி.

"ஏங்க, இந்த ஓட்டத் தகரத்தையா அந்தப் புள்ளைக்குத் தூக்கிக் குடுக்குறது? நாலு பேரு பாத்தா நம்மள என்ன நெனப்பாங்க?" என்று கணவன் கணேசமூர்த்தியைக் கேட்டாள்.

"அதானே. கோயிலுக்கு அடிச்ச வெள்ளிப் பெயின்ட் மிச்சம் இருக்கு. ஏணி வச்சு மேல பூசிட்டா பளபளன்னு ஆயிரும்."

"அப்ப பூசுங்க."

"நாளைக்கு."

கணேசமூர்த்தியின் நாளைக்கு எந்த வாரத்திலும் வந்ததில்லை. துரு தப்பியது. நவீன சிற்பக் கலைக்கு அவர் ஆற்றிய தொண்டு இது ஒன்றுதான், ஆனால் பெரிது. ஜீவராணி அப்படியில்லை. வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்ததும் மேசைமேல் ஏறி, தகரத்தின் உட்பக்கம் முழுவதும் கனமாகத் தார் அப்பி, பத்தொன்பதையும் இருந்த இடம் தெரியாமல் அடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை புதுத் தகரத்தோடு லொறி வந்தது. கிருஷாந்தி உள்ளே வந்து அண்ணாந்தாள். கும்மிருட்டு.

"அக்கா... ஓட்டையெல்லாம் எங்க?"

"அடைச்சிட்டேன் மிஸ்!" ஜீவராணிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒன்னு விடல!"

கிருஷாந்தி மேசையில் உட்கார்ந்துவிட்டாள். தகரத்தை மலையாக வளைத்து, பின்னால் விளக்குப் போட்டு, ஓட்டைகள் வழியே தூரத்து நகரத்தின் வெளிச்சம் தெரிவதுபோல் செய்ய இருந்தாளாம். "நானே ஆணியால குத்தினா அது வெறும் துளை அக்கா. எனக்கு வேண்டியது மழை போட்ட ஓட்டை."

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் காளியாயி தொண்டையைச் செருமினாள். "எங்க வீட்டுல இருவத்தாறு இருக்கு மிஸ். ஒன்னத்தக்கூட நான் தொடல."

"அக்கா, ஒங்களுக்கு இது நல்லாருக்கா?" என்றாள் ஜீவராணி.

"நானா அடைக்கச் சொன்னேன்? இம்புட்டு வருசம் ஒழுக விட்டுட்டு நேத்தா ஒனக்குத் தாரு கெடைச்சுச்சு?"

லொறிக்காரர் எட்டிப் பார்த்தார். "மேல கறுத்துக்கிட்டு வருது. இங்க எறக்குறதா, பக்கத்து வீட்டுலயா?"

வாசலுக்கு வந்த கூரை, ஒரு வாளித் தாரால் பக்கத்து வீட்டுக்குப் போகப் பார்க்கிறது.

"எடம் எனக்குத் தெரியும் மிஸ்," என்றாள் ஜீவராணி. "கொஞ்சம் இருங்க."

சமையல் பானையை எடுத்து அடுப்போரம் வைத்தாள். பேசின், மீன் டின், மாவு டின், சாமிப் படத்துக்கு முன்னால் கிண்ணம் என்று மழைநாளில் வைக்கிற அதே இடத்தில் ஒவ்வொன்றாய் வைத்துக்கொண்டே போனாள். பிறகு பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து மேசைமேல் ஏறி, பானைக்கு நேர்மேலே குத்தினாள். இளகின தார் விலகியது. வெளிச்சம் நூலாக இறங்கிப் பானைக்குள் விழுந்தது.

"இது அடுப்போட்டை."

மேசையை நகர்த்தி நகர்த்திக் குத்தினாள். ஒரு குத்துக்கூட இடம் தவறவில்லை. குடிகார ஓட்டை மட்டும் வழக்கம்போல அடம்பிடித்து மூன்றாம் குத்தில் திறந்தது. முடிவில் பத்தொன்பது வெளிச்சங்கள், பத்தொன்பது பாத்திரங்கள். ஆயுள் முழுக்கத் தான் ஓடி ஓடிப் பாத்திரம் வைத்த வீடு இத்தனை அழகா என்று ஜீவராணியே ஒரு நிமிஷம் அசந்துபோனாள்.

கிருஷாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கேயே எறக்குங்க!" என்று கத்தினாள்.

சாயந்தரம் மழை வந்தபோது கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடியில் கண்காட்சி. ஒரு டப்பா ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டு, காளியாயியையும் கூட்டிக்கொண்டு ஜீவராணி தலவாக்கலை வழியாக பஸ் ஏறி நுவரெலியா போனாள். இருட்டு அறையில் தகரம் மலையாக நின்றது. அதன் சரிவெல்லாம் நகரம் மினுங்கியது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் கூட வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "இயற்கையின் உடம்பில் மாநகரம் ஏற்படுத்திய காயங்கள் இவை."

"இல்லீங்க ஐயா," என்றாள் ஜீவராணி ஒன்றைக் காட்டி, மரியாதையாக. "இது மைக் கட்டுன ஓட்டை."

பெரியவர் அதை ஒரு சிறு புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

ஜீவராணி கூட்டம் விலகும்வரை காத்திருந்து, தகரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிருஷாந்தியிடம் டப்பாவை நீட்டி, "நன்றிங்க மிஸ்," என்றாள்.

"நான்தானே அக்கா ஒங்களுக்குச் சொல்லணும்."

"சரி, நீங்களும் சொல்லுங்க. ஆனா நான்தான் மொதல்ல சொன்னேன்."

காளியாயி குறுக்கே வந்தாள். "இருவத்தாறு மிஸ். அப்புடியே வச்சிருக்கேன்."

"அடுத்த வருஷம் இன்னொரு கண்காட்சி இருக்கு, அம்மா. ஒங்க வீட்டுலதான் எடுப்பேன்," என்றாள் கிருஷாந்தி.

திரும்பும் வழியில் பஸ்மேல் மழை கொட்டியது. ஜீவராணி ஜன்னலோரம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள். காளியாயி அவளை முழங்கையால் இடித்தாள்.

"அடியே, மழ பேயுதுடி!"

ஜீவராணி கண்ணைத் திறக்கவில்லை.

"பேயட்டும்க்கா."