தண்ணியா, காத்தா? மலையேறிய ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வருகிற யாரும் வெறும் பெட்டியோடு வருவதில்லை, அதற்கு என்ன வியாதி என்ற தீர்ப்பையும் சேர்த்தே கொண்டுவருவார்கள். பாதிப் பேருக்கு எல்லாமே வைரஸ். மீதிப் பேருக்கு எல்லாமே கண்ணு பட்டது. இந்தத் தொழிலில் இடுப்பொடிந்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியும், முக்கால்வாசி வியாதி சூடுதான். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் காளப்பநாயக்கன்பட்டியில் எட்டுக்குப் பத்து அறையில் இந்தக் கடையை ஆரம்பித்தேன். மலைக்குப் போகிற பஸ்கள் என் கடை வாசலில் நின்றுதான் போகும் என்பதால், கொல்லிமலைக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான்தான் டாக்டர். எனக்கு முன்கோபம் அதிகம். அதையும் பொறுத்துக்கொண்டு என்னிடமே திரும்பத் திரும்ப வந்த மலைக்காரர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபேனுக்குள் சாமை

ஒரு விவசாயி சாக்கில் சுற்றிய பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். பத்து நிமிஷம் ஓடும், பிறகு அணைந்துவிடும் என்றார். திறந்து பார்த்தால் உள்ளே ஃபேன் இருக்கிற இடமே தெரியவில்லை. சாமை உமி மெத்தை போட்ட மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. சாமை மூட்டை அடுக்கிய அறையிலேயே கம்ப்யூட்டரையும் வைத்திருக்கிறார்.

"ஏங்க, இது கம்ப்யூட்டரா, தானியம் கொட்டற குதிரா? காத்து எந்த வழியாப் போகும்?" என்று நான் கத்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. உமியில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார். "போன வருசத்துச் சாமைங்க பாய். வெளைச்சல் நல்லா இருந்துச்சு."

மேசையில் ஒரு பலாப்பழம்

செம்மேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நாள் காலையில் ஓர் அக்கா வந்தார். சுமந்து வந்த பலாப்பழத்தை என் மேசையில், கீபோர்டுகளுக்கு நடுவே இறக்கி வைத்தார். பெயர் பாப்பாத்தி. கணவர் பொன்னுசாமி மலையில் ஜீப் ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் தூக்கத்தில்கூட ஓட்டுவார் என்று பெயர் வாங்கியவர். டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது கால் நசுங்கிவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஜீப்பையும் விற்றாயிற்று. எட்டு மாதமாக மனிதர் அறையை விட்டு வெளியே வரவில்லை. கூட ஓட்டிய டிரைவர்கள் வந்து கூப்பிட்டால், தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்வாராம்.

என் கடையில் பையன்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கார் பந்தயம் விளையாடுவதை, பஸ்ஸுக்கு நின்றபோது அக்கா பார்த்திருக்கிறார். அது மாதிரி ஒன்று வேண்டும் என்றார். விளையாட்டுக் கம்ப்யூட்டர் என்றால் சூடு அதிகம், தொந்தரவு அதிகம் என்று நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. "அவரு ஓட்டுவாரோ என்னமோ, எனக்குத் தெரியாதுங்க பாய். அந்த ரூம்புக் கதவைத் தாண்டி மனுசன் வெளிய வந்தாப் போதுங்க."

மொபெட்டும் வண்டியும்

கொண்டுபோய் மாட்டினேன். காலால் மிதிக்கிற ஆக்சிலேட்டர் அவருக்கு ஆகாது என்பதால், வேகத்தையும் பிரேக்கையும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலுக்கு எட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். பொன்னுசாமி அண்ணன் முதலில் கேட்டது ஹாரன் எங்கே என்று. பந்தயத்தில் ஹாரன் இல்லை என்றதும் அவருக்கு மனசே ஆறவில்லை. மேலே ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டார், அதுவும் பந்தயத்தில்! எல்லாப் பந்தயத்திலும் கடைசி. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

ஒரு வாரத்தில் அண்ணனிடமிருந்து போன். முக்கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறதாம். மலையேறிப் போய்ப் பார்த்தேன். ஜன்னலை இறுக்கிச் சாத்தி, மேலே போர்வையும் தொங்கவிட்டிருந்தார். வெளியே பனி, உள்ளே அடுப்படி. ஜன்னலைத் திறக்கச் சொன்னால் மாட்டேன் என்றார். அணைந்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன பண்றதுங்க? எஞ்சின் ஆறோணும்ல. கக்கத்துக் கட்டையை ஊனிட்டு எதுத்தாப்ல டீக்கடையில போயி ஒக்காந்துக்கறேன்" என்றார். மலை டிரைவர்களின் பழக்கம் அது. வண்டி சூடானால் இறங்கி நிற்பார்கள். என் மண்டையிலோ சூடு, சூடு என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சூட்டை உறிஞ்சுகிற பெரிய ஹீட்சிங்க், பெரிய ஃபேன் போடலாம் என்றேன். ஆகாது, தண்ணிதான் வேண்டும் என்றார். இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறீர்களே என்று சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர்தான் சிரித்தார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். "காத்துல ஆறறது மொபெட்டுங்க பாய். நம்முளது வண்டி. ரேடியேட்டர் இல்லாம மலை ஏத்தலாமுங்களா?"

எத்தனை டன்?

அந்த நாளில் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் செட் வேண்டுமென்றால் வெளியூருக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? பக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. லாரிக்கு ரேடியேட்டர் கட்டுகிற ஊரில் கம்ப்யூட்டருக்கு ஒன்று கட்ட முடியாதா? லேத் பட்டறையில் ப்ராசசர் மேல் உட்கார ஒரு செம்புக் கட்டியைக் குடைந்து வாங்கினேன். மீன் தொட்டி மோட்டார் ஒன்று. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ட்யூப் நாலு முழம். கடைசியாக ரேடியேட்டர் பட்டறைக்குப் போய், உள்ளங்கை அகலத்தில் ஒன்று வேண்டும் என்று படம் வரைந்து காட்டினேன்.

மேஸ்திரி படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல், சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு, பித்தளையில் அழகாகப் பற்றவைத்துக் கொடுத்தார். அவர் கைக்கு இன்றைக்கும் என் சலாம். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "எல்லாம் சரிங்க பாய், எத்தனை டன் லோடு ஏத்துவீங்க?"

மடியில் ஈரம்

மலையிலிருந்து கொண்டுவந்திருந்த அண்ணனுடைய பெட்டியில் மாட்டி, கடையிலேயே ஓட்டிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது. அந்தப் பெருமையில் தண்ணீரை வடிக்காமலே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். காரவள்ளி தாண்டி நாலு வளைவு வரைக்கும் நான் ராஜா. அதற்கு மேல் ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்ளே தண்ணீர் குலுங்க ஆரம்பித்தது. பாதி மலையில் ட்யூப் கழன்று, என் பேண்ட் முழுக்க நனைந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. நான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இயற்கையை ரசித்தேன்.

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா தன் துண்டை எடுத்து நீட்டினார். துடைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "கொழந்தைக்கு மொதல்ல துணி மாத்துங்க சாமி."

நன்றாக ரிப்பேர் செய்த கதை

நான் நனைந்து போய் நின்ற கோலத்தைப் பார்த்துப் பொன்னுசாமி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு நாள் காயவைத்து, ட்யூபுக்கு ஹோஸ் கிளிப்பை அவரே முறுக்கி மாட்டினார். சொட்டு ஒழுகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டினாலும் அணையவில்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மலை இறங்கினேன்.

பத்து நாள் கழித்து பாப்பாத்தி அக்கா கடைக்கு வந்தார். பலாப்பழம் இல்லை. முகம் கடுகடு என்று இருந்தது. முன்பு முக்கால் மணிக்கு ஒரு தடவை பெட்டி அணையும், மனிதர் வெளியே வருவார், டீக்கடையில் உட்காருவார், டிரைவர்களும் வண்டியை நிறுத்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள் என்றார். இப்போது பெட்டி அணைவதே இல்லை. மனிதர் விடிந்ததும் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான், சோறுகூட உள்ளேதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மாதம் அலைந்து, பஸ்ஸில் மானம் போய்ச் செய்த வேலை ஆயிற்றே! அப்புறம்தான், டீக்கடையில் போய் உட்காருகிறேன் என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அக்கா என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தானே? அது கிடைத்திருந்தது. நான்தான் போய்ப் பிடுங்கியிருக்கிறேன். வெட்கத்தில் தலை குனிந்துவிட்டேன். அக்கா குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லா ரிப்பேர் பண்ணீட்டீங்க பாய். மறுபடியும் கெடுத்து உட்டுருங்க."

எஞ்சின் ஆறட்டும்

பெரிய ஃபேனும் ஒரு பொய்யுமாக மலையேறினேன். ஜன்னல் சாத்திய அறையில் எந்த ஃபேன் போட்டாலும் பெட்டி மறுபடி சூடாகி அணையும் என்பது என் கணக்கு. செம்பு அரிக்கிறது, தண்ணீர் இனி ஆபத்து என்றேன். சரி, கழற்றுங்கள் என்றார் அண்ணன். ட்யூபைக் கழற்ற வெளிச்சம் போதவில்லை என்றதும், போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு அவரே ஜன்னலைத் திறந்தார். குளுகுளுவென்று காற்று வந்தது. எதிரே டீக்கடையிலிருந்து ஒரு வேன் டிரைவர் கை ஆட்டினார். அண்ணனும் ஆட்டினார். ஜன்னலைத் திரும்பச் சாத்தவில்லை.

எனக்குத்தான் கணக்கு தப்பியது. ஃபேனும் பெரிது, ஜன்னலும் திறந்திருக்கிறது, மலைக்காற்று வேறு. பெட்டி எப்படி அணையும்? அக்கா என் தோலை உரித்துவிடுவாரே! அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி ஆயிற்று. பெட்டி ஜில்லென்று இருந்தது. அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார், கட்டையை எடுத்தார், "எஞ்சின் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டி நடந்தார். வாசலில் நின்ற அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் ஓட்டை வாய் சும்மா இருக்குமா? பின்னாலேயே ஓடினேன். "அண்ணா, பெட்டி சூடே ஆகலையே!" என்றேன். டீக்கடை பெஞ்சில் டிரைவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அண்ணன் உட்கார்ந்து, எனக்கும் பக்கத்தில் தட்டிக் காட்டினார். "தெரியுமுங்க பாய். பேசாம ஒக்காருங்க, உங்களுக்கும் ஒரு டீ சொல்லியிருக்கறேன்."

அந்தப் பித்தளை ரேடியேட்டர் இன்னும் என் கடை அலமாரியில் மினுங்கிக்கொண்டிருக்கிறது, யாராவது வந்து தண்ணியா காத்தா என்று கேட்டால், ரெண்டும் நல்லதுதான், எவ்வளவு நேரம் ஓடினால் போதும் என்று மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.