ஷாக் அப்சர்பர் யாருக்கு?

போன வாரம் ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் ஒரு பைக்குக்குத் திருவிழாவே நடந்தது.

மிகைப்படுத்தவில்லை. என் தங்கை தேவியின் கணவர் முருகன், பைக்கின் பின்பக்க ஷாக் அப்சர்பரை மாற்றியிருந்தார். பளபளவென்று சிவப்பு ஸ்பிரிங்! வலை காயவைக்க வந்தவர், ஐஸ் வாங்கப் போனவர்... எல்லோரும் நின்று சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

காரணம் கேட்டால் உருகிவிடுவீர்கள். தேவிக்கு ஆறாம் மாதம். முன்பு ஒரு கரு தங்காமல் போயிற்று. அதனால், குலுங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஸ்கேனுக்குப் பொன்னேரி போயாக வேண்டுமே? வழியில் இருப்பதை ரோடு என்று சொல்வது நம் பெருந்தன்மை. அதைப் போட்டவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? மாட்டோம். நம் செலவில் ஷாக்கை மாற்றிக்கொள்வோம்!

"அவளுக்கோசரம்தான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "காத்தில்லாத நாள்ல ஏரில படகு போறா மாறி போவும் பாரு."

நானும் நெகிழ்ந்துபோய் பைக்கை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். 'இவரல்லவோ கணவர்' என்று ஒரு வரி வேறு.

மறுநாள் கிளம்பும்போது பார்த்தால், தேவிக்குப் பின்னால் கேரியரில் ஒரு பெட்டி. ஈரச் சாக்குக்கு அடியில் உயிர் நண்டு.

"எப்டியும் பொன்னேரிக்குப் போறோம்ல... அப்டியே மார்க்கெட்ல போட்டுட்டு வந்துடலாம்."

சரி, பிழைப்பு. துணைக்கு நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். என் ஸ்கூட்டரில் குலுங்காத ஒரே பாகம் ஹாரன்தான் என்பதால், தங்கையை அதில் ஏற்றும் பேச்சே எழவில்லை.

திருப்பாலைவனம் வருவதற்கு முன் ஒரு வேகத்தடை. பைக் ஏறி இறங்கியது. தேவி சீட்டை விட்டு எழும்பி, தொம்மென்று விழுந்தாள். வண்டி நின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் ஸ்கூட்டரை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன்.

மாப்பிள்ளையும் பதறியடித்து இறங்கினார். ஓடினார் — எங்கே? கேரியருக்கு! சாக்கை விலக்கி, நண்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணுக்கும் கொடுக்கு ஒடியல மச்சான்!" முகமெல்லாம் சிரிப்பு.

"புது ஷாக்குன்னியே... இன்னாய்யா இப்டித் தூக்கி அடிக்குது?" என்றாள் தேவி.

"மெக்கானிக் இன்னா லோடுன்னு கேட்டான். மூணு பெட்டி நண்டுனு சொன்னேன். அதுக்குத் தக்க ஸ்பிரிங்க டைட் வெச்சிட்டான். இன்னிக்கு அரைப் பெட்டிதானே... அதான் குதிக்குது."

அந்தக் கரையில் லோடு என்றால் மீனும் நண்டும்தான். பெண்டாட்டியை அந்தக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. அவளுக்காகவே வாங்கிய ஷாக்காக இருந்தாலும்!

பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. தேவி கைகாட்டி நிறுத்தினாள். "புள்ளத்தாச்சிப்பா, மெதுவா போறியா?"

"நீ குந்தும்மா, உருட்டிகினே போறேன்" என்றார் முன்பின் தெரியாத அந்த டிரைவர்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ உன் நண்ட பத்திரமா இட்டுகினு போ. என் புள்ளைய நான் இட்டுகினு போறேன்."

ஸ்கேன் ரூமில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். தேவி அழுதாள். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்? மாப்பிள்ளை அப்போது மார்க்கெட்டில் இருந்தார்.

நண்டு நல்ல விலைக்குப் போயிற்றாம்!