நான் கையால் போட்ட 412

அன்று காலை பத்து மணியிலிருந்து நான் நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே இல்லை. பாலிக் புலாவ் பகுதியின் இணைய இணைப்புகளைப் பழைய ரவுட்டரிலிருந்து புதியதற்கு மாற்றியிருந்தோம். புதியதில் ஓடியது நான் எழுதிய புரொஃபைல் என்ற விதித் தொகுப்பு.

எங்கள் நிறுவனம் சிறியது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் ஒரு விலான் எண் உண்டு. அந்த எண்ணுக்கென்று ரவுட்டருக்குள் ஒரு சப்-இன்டர்ஃபேஸ், அதாவது தனி வாசல், இருந்தாக வேண்டும். என் மேலாளர் அவற்றை வருடக்கணக்காக ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தே போட்டு வந்தார். ஒரு புரொஃபைலை எழுதி வைத்தால் போதும், அதில் சொன்ன எண்களில் யார் வந்தாலும் ரவுட்டரே வாசலை உண்டாக்கிக்கொள்ளும் என்று வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே கூட்டத்தில் சொன்னேன்.

"செஞ்சு காட்டு. மாத்துற அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஒழுங்கா ஓடலன்னா பழசுக்கே திரும்பிடுவோம். அப்புறம் புரொஃபைல் பேச்சே எடுக்கக்கூடாது, சரியா?" என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளியில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். படித்துத் தெரிந்துகொண்ட ஒன்றை யாராவது சந்தேகப்பட்டால் எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிடும்.

திரையில் பட்டியல் காலியாக இருந்தது. முதலில் அப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளர் வைத்திருக்கும் இணையப் பெட்டியிலிருந்து தகவல் வந்த பிறகுதான் வாசல் உண்டாகும். பெட்டிகளோ பழைய இணைய முகவரியின் கெடு முடிந்தால்தான் புதிய முகவரி கேட்டுத் தகவல் அனுப்பும். இதை நானே படம் போட்டு விளக்கியிருந்தேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. மேலாளர் தே தாரிக் டீ வாங்கக் கீழே போன நேரத்தில், 412 என்ற எண்ணுக்குப் பழைய முறையில் கையாலேயே ஒரு வாசலைப் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரி தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

சற்று நேரத்தில் நிஜமான இணைப்புகள் வரத் தொடங்கின. ஏழு, முப்பது, நூறுக்கு மேல். அந்த மகிழ்ச்சியில் 412-ஐ அழிக்க மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் பாலிக் புலாவிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்கார அக்கா கூப்பிட்டார்.

"ஏம்மா, பக்கத்துக் கடைக்கெல்லாம் லைன் வந்துருச்சு. எனக்கு மட்டும் இல்ல லா! சோறு ஆக்கி வெச்சிட்டு உக்காந்திருக்கேன், டேப்லெட்ல ஒரு ஆர்டர்கூட விழல."

அவருடைய கணக்கைத் திறந்தேன். விலான் எண் 412.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேலாளர், "பாத்தியா? உன் புரொஃபைல் ஒரு கடைய முழுங்கிடுச்சு. பழசுக்கே போயிடலாம்" என்று தன் மேசைக்குத் திரும்பினார்.

ஓசைப்படாமல் அழித்துவிடலாம் என்று என் விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது. அழித்தால் இணைப்பு வந்துவிடும். ஆனால் புரொஃபைல் காரணமில்லாமல் தடுமாறும் என்றுதான் அவர் கடைசிவரை நம்புவார்.

"நிறுத்துங்கண்ணே. புரொஃபைல் மேல தப்பு இல்ல. 412 நான் கையால போட்டது. அது அந்த எண்ணப் பிடிச்சிக்கிட்டு இருக்கு, அதான் புரொஃபைலால உள்ள வர முடியல."

"கையாலயா? நீயா?" அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "எனக்கே கிளாஸ் எடுத்த ஆளு!"

"நீங்க டீ வாங்கப் போனப்ப பட்டியல் காலியா இருந்துச்சு. பயந்துட்டேன்."

அந்த அலுவலகத்தில் அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு 412-ஐ அழித்தேன்.

"அக்கா, பெட்டிய ஒருதடவ ஆஃப் பண்ணிப் போடுங்க. தப்பு எங்க பக்கம்தான், மன்னிச்சிருங்க."

கொஞ்ச நேரம் தொலைபேசியில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரையில் 412 தோன்றியது, இந்த முறை பக்கத்தில் புரொஃபைலின் பெயரோடு.

"வந்துருச்சு லா! ஆர்டர் அடிக்குது, வை போன!"

மேலாளர் பழைய அமைப்பின் கோப்பை மூடினார். "இது இருக்கட்டும். அடுத்த வாரம் பட்டர்வொர்த் பக்கம் மாத்துறோம், நீதான் பாக்குற. நான் டீ வாங்கப் போறப்ப உன்னையும் கூட்டிட்டுப் போயிடுறேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டர்வொர்த்தின் எண்களை அன்றைக்கே எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.